ஓட்டுச்சாவடிக்குள் காலநிலை ஏன் நுழைவதில்லை?

கார்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. எந்த சர்வேயை எடுத்தாலும் பெரும்பான்மை மக்கள் "காலநிலை விஷயத்தில் அரசு இன்னும் வேகமாக இறங்கணும்" என்றுதான் சொல்கிறார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 77 நாடுகளில் எடுத்து 2024-இல் வெளியிட்ட கணிப்பில் ஐந்தில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் கேட்டது. அதில் 89 சதவீதம். ஆனால் தேர்தல் வந்துவிட்டால் இந்த 89 சதவீதம் எங்கே போய்விடுகிறது? விலைவாசி, வேலை, இனம், மதம், தலைவரின் முகம் இவைதான் முடிவை எழுதுகின்றன. காலநிலையைக் கைவிட்டதற்காகவே ஆட்சியை இழந்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தால் விரல்கள் மிச்சமாகிவிடும்.

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முதல் பதிலே வரும் என்று தெரியும். அதை நான் ஏற்கவில்லை. அந்த 125 நாட்டு ஆய்வில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் வேறு. "உங்கள் மாத வருமானத்தில் ஒரு சதவீதத்தை இதற்காகத் தருவீர்களா?" என்று கேட்டார்கள். 69 சதவீதம் பேர் தருவோம் என்றார்கள். அடுத்து, "உங்கள் நாட்டில் மற்றவர்களில் எத்தனை பேர் தருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரி விடை 43. அக்கறை உள்ளவர் ஒவ்வொருவரும் தன்னைச் சிறுபான்மை என்று நினைத்து வாய்மூடி இருக்கிறார். கட்சிகளும் அதே தப்புக் கணக்கைப் போட்டுவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகின்றன.

இன்னொரு பக்கம், "நாம் ஒவ்வொருவரும் மாறினால் போதும்" என்ற பேச்சு. 2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். விமானம் நின்றது, கார் நின்றது, கடை மூடியது. மனித குலம் அதுவரை பார்க்காத அளவுக்குத் தனிமனிதப் பழக்கம் ஒரே வீச்சில் மாறியது. அந்த ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் தினசரி கார்பன் உமிழ்வு 17 சதவீதம் வரை விழுந்தது உண்மை. ஆனால் ஆண்டுக் கணக்கு பார்த்தால் சரிவு 5 சதவீதத்தைச் சுற்றித்தான். மீதி 95 நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோதும் வெளியே வந்துகொண்டே இருந்தது. மின்நிலையம், உருக்காலை, சிமெண்ட், உரம், சரக்குக் கப்பல்.

அரசியல் உணர்வு என்று நான் சொல்வது இதைத்தான். எந்த முடிவு யார் மேஜையில் எடுக்கப்படுகிறது என்று தெரிந்து, அந்த மேஜைக்கு நேராகப் போய்க் கேட்பது. அதை ஓட்டாக மாற்றுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பாதசாரி

நல்ல இழை. ஆனால் ஊரடங்கு உதாரணத்தை வைத்துத் தனிமனிதப் பொறுப்பையே தூக்கி எறிவது எனக்கு உடன்பாடில்லை. ஊரடங்கில் யாரும் விரும்பி மாறவில்லை, மாற்று வசதியும் தரப்படவில்லை. வெறுமனே அடைத்துவைத்தார்கள்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கையில் நுகர்வுப் பக்க மாற்றங்களால் மட்டும் 2050-க்குள் 40 முதல் 70 சதவீதம் வரை உமிழ்வைக் குறைக்க முடியும் என்று இருக்கிறது. என்ன சாப்பிடுகிறோம், எப்படிப் போய்வருகிறோம், எப்படி வீடு கட்டுகிறோம் எல்லாம் அதில் வருகிறது. உலக உமிழ்வில் ஏறக்குறைய பாதி, வருமானத்தில் மேல்தட்டிலுள்ள 10 சதவீதம் பேருடையது. அந்தப் பத்து சதவீதத்திடம் "அமைப்பு மாறட்டும், நீங்கள் நிம்மதியாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கன்

இரண்டு பேர் சொன்னதிலும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாதசாரி சொன்ன 40–70 சதவீதம் சரி. ஆனால் அந்த அறிக்கையே அதற்கு உள்கட்டமைப்பும் கொள்கையும் தொழில்நுட்பமும் கூடவே வேண்டும் என்கிறது. பேருந்து வராத சாலையில் நின்றுகொண்டு யாரும் காரை விட முடியாது. நடைபாதை போடுவது நகராட்சி. கட்டட விதியை எழுதுவது அரசு. ஆக, அந்த எண்ணிக்கையின் பெரும்பங்கு வாக்காளர் வழியாகத்தான் நுகர்வோரிடம் வந்து சேரும்.

எதிர்ப்பக்கத்தில் அடிக்கடி சுற்றும் எண் ஒன்று உண்டு. "நூறே நூறு நிறுவனங்கள்தான் 71 சதவீத உமிழ்வுக்குக் காரணம்" என்பார்கள். 2017-இல் வந்த கார்பன் மேஜர்ஸ் அறிக்கை அது. 1988 முதல் தொழில்துறை சார்ந்த பசுங்குடில் வாயுக்களைப் பற்றிப் பேசுகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுத்து விற்றவர்களின் பட்டியல். ஆனால் அந்தக் கணக்கில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, அவர்கள் விற்றதை வாங்கி எரித்தபோது வந்தது. எரித்தது மின்வாரியமும் தொழிற்சாலையும் நம் வண்டியும். "அவன்தான், நான் இல்லை" என்று கைகழுவ அந்த எண் உதவாது. அதே சமயம், எதைத் தோண்டலாம், எவ்வளவு தோண்டலாம் என்ற முடிவு ஒரு சில நூறு அலுவலக அறைகளில்தான் நடக்கிறது என்பதை அது பளிச்சென்று காட்டுகிறது.

தனிமனிதக் கார்பன் கணக்குப் போடும் கருவியை உலகெங்கும் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துடையது. 2004 வாக்கில் பெரிய விளம்பரத்தோடு கொண்டுவந்தார்கள். உன் குளியலறையைப் பார், என் எண்ணெய்க் கிணற்றைப் பார்க்காதே என்கிற ஏற்பாடு. இருபது ஆண்டு கழித்தும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது.

முதல் ஓட்டு

அண்ணன்மார்களுக்கு வணக்கம். அடுத்த தேர்தலில்தான் முதல்முறை ஓட்டு போடப்போகிறேன். எல்லாக் கட்சி அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் "சுற்றுச்சூழல்" என்று ஒரு பத்தி இருக்கிறது. எல்லாரும் மரம் நடுவார்கள், எல்லாரும் சோலார் கொண்டுவருவார்கள். எதை வைத்துத் தரம் பிரிப்பது?

நடுநிலை

தம்பி கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்று. வாக்காளரைக் குறை சொல்லும் தொனி இந்த இழையில் மெதுவாக ஏறுகிறது. அவர் முட்டாள் இல்லை. கஷ்டம் இன்றைக்கு, பலன் முப்பது ஆண்டு கழித்து, அதுவும் உலகத்துக்கே பொதுவாக. இப்படி ஒரு பேரத்தை வேறு எந்த விஷயத்தில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

பிரான்ஸில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. டீசல் வரியை ஏற்றியதுதான் தீப்பொறி. ஆனால் அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அதே அரசு பணக்காரர்களின் செல்வ வரியைப் பெருமளவு நீக்கியிருந்தது. ரயில் இல்லாத ஊரிலிருந்து வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். டிசம்பரில் அரசு இறங்கிவந்தது. அந்த மனிதர்களைக் காலநிலை எதிரிகள் என்று எழுதியவர்கள் பெரிய அநியாயம் செய்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் ஜூலியா கில்லார்ட் அரசு கார்பனுக்கு விலை வைத்தது, அதாவது உமிழும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதை ஒழிப்பேன் என்று ஊரெல்லாம் முழங்கி டோனி அபாட் வந்தார், 2014 ஜூலையில் ஒழித்தும் விட்டார். இரண்டே ஆண்டு.

பேரிடர் விஷயத்திலும் இதுதான் கதை. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். வெள்ளத்துக்குப் பின் நிவாரணம் தந்த ஆளுங்கட்சிக்கு ஓட்டு கூடுகிறது. வெள்ளத்துக்கு முன் தடுப்புக்குச் செலவழித்தால் ஒரு ஓட்டும் கூடுவதில்லை. முன்கூட்டியே போடும் ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் சுமார் 15 டாலர் மிச்சம் பிடிக்கும் என்று அவர்களே கணக்கும் போட்டார்கள். வராத வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். அரசியல்வாதிக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் நிவாரணப் பொட்டலத்தில் படம் ஒட்டுகிறார்.

கார்மேகம்

நடுநிலை, நீங்கள் சொன்ன இரண்டு தோல்விகளும் நடந்தவைதான். அவற்றை வைத்து "மக்கள் காலநிலைக் கொள்கையை ஏற்க மாட்டார்கள்" என்று முடிவு கட்டினால் சுவிட்சர்லாந்தை எப்படி விளக்குவீர்கள்?

2021 ஜூனில் அங்கே கார்பன் சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. பெட்ரோல் விலை ஏறும், விமான டிக்கெட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் வரை கட்டணம். 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஜூனில், 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு (வெளியே விடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமம்) என்ற சட்டம் வந்தது. புதிய வரி கிடையாது. எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடும் வீட்டு வெப்பமூட்டிகளை மாற்றுவதற்குப் பத்தாண்டில் 200 கோடி பிராங்க் உதவி. 59.1 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே நாடு, ஏறக்குறைய அதே வாக்காளர் பட்டியல். மாறியது சட்டத்தை வடித்த விதம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இன்னும் சுவாரசியம். 2016-லும் 2018-லும் கார்பனுக்குக் கட்டணம் என்ற யோசனையை மக்கள் நேரடி வாக்கெடுப்பில் இரண்டு முறை தோற்கடித்தார்கள். 2021-இல் மாநில சட்டமன்றம் தானாகவே ஒரு சட்டம் போட்டது. பெரிய உமிழ்வாளர்கள் உரிமம் வாங்க வேண்டும், அந்தப் பணம் பேருந்துக்கும் படகுப் போக்குவரத்துக்கும் போகும். 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பேருந்து இலவசம் என்பதும் அந்த நிதியை நம்பி வந்ததுதான். பெட்ரோல் விலை ஏறியது என்று சொல்லி அதை ரத்து செய்யக் கோரி 2024 நவம்பரில் வாக்கெடுப்பு. ஏறக்குறைய 62 சதவீதம் பேர் ரத்து செய்யாதே என்று ஓட்டு போட்டார்கள். பிள்ளை பள்ளிக்கு இலவசமாகப் போய்வருவதைப் பார்த்த பெற்றோரிடம் போய் "இந்தச் சட்டம் உனக்கு என்ன செய்தது?" என்று கேட்டு ஜெயிப்பது கடினம்.

பலனைக் கொடுத்தும் தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா இருக்கிறது. கார்பன் கட்டணத்தில் வசூலான பணத்தின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பித் தந்தார்கள். ஆரம்பத்தில் அது வருமான வரிக் கணக்குக்குள் எங்கோ ஒரு வரியில் கழிந்துபோனது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழுந்தது. பல வங்கிகளில் என்ன பணம் என்றே விளங்காத சுருக்கெழுத்தோடு விழுந்ததால், பெயரைத் தெளிவாகப் போடு என்று 2024-இல் அரசே சட்டம் வழியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பெட்ரோல் பங்கில் கொடுத்தது ஒவ்வொரு வாரமும் கண்ணில் பட்டது, திரும்பி வந்தது கண்ணில் படவே இல்லை. எதிர்க்கட்சி "வரியை வெட்டு" என்ற ஒரே கோஷத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. கடைசியில் 2025 ஏப்ரலில், கொண்டுவந்த அதே லிபரல் கட்சியின் அரசே நுகர்வோர் மீதான கட்டணத்தை எடுத்துவிட்டது.

இரவுப்பணி

நான் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவன். நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம். சாம்பல் கையாளும் பிரிவு. நீங்கள் எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஷிப்ட் முடிந்து வரும்போது முகக்கவசத்தைக் கழற்றினால் மூக்கைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். இந்தப் புகை நல்லது என்று எங்களில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், முதலில் சுவாசிக்கிறவர்களே நாங்கள்தான். ஆனால் "நிலக்கரியை மூடுவோம்" என்று ஒருவர் மேடையில் சொன்னால் எனக்குக் கேட்பது "உன் அடுப்பை அணைப்போம்" என்றுதான். நிரந்தரப் பணியாளருக்கு வேறு நிலையத்துக்கு மாறுதல் கிடைக்கும், ஓய்வூதியம் கிடைக்கும். எனக்கு கேட் பாஸைத் திருப்பிக் கொடு என்பார்கள். அவ்வளவுதான். என் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டால் காண்டிராக்டரைக் கேள் என்கிறார்கள்.

என் ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று உங்களுக்கு இப்போது புரியும்.

தராசு

இரவுப்பணி தோழர் எழுதியதைப் படித்த பிறகு மேலே உள்ள பாதி வாதங்கள் எனக்குச் சின்னதாகத் தெரிகின்றன. இதற்கு ஒரு நாடு ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றது, அதை எழுதுகிறேன்.

ஸ்பெயினில் 2018 அக்டோபரில் சோஷலிஸ்ட் அரசு நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவது பற்றித் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது. கையெழுத்து முதலில், மூடல் பிறகு. 25 கோடி யூரோ. 48 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு, மற்றவர்களுக்கு மறுபயிற்சி, தோண்டிய நிலத்தைச் சீரமைக்கும் வேலையில் உள்ளூர் ஆட்கள். சில மாதம் கழித்து 2019 ஏப்ரலில் பொதுத்தேர்தல். சுரங்கத்தை மூடிய கட்சிக்கு சுரங்கப் பகுதிகளில் டெபாசிட் போகும் என்றுதானே நினைப்போம்? பின்னால் வந்த ஆய்வு, ஒத்த மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்கே ஆளுங்கட்சிக்கு ஓட்டு கொஞ்சம் கூடியிருந்தது என்று கண்டது. சுமார் 1.8 சதவீதப் புள்ளி. பெரிய அலை ஒன்றும் இல்லை. ஆனால் தண்டனை விழவில்லை என்பதே பெரிய செய்தி.

கனடாவின் ஒன்டாரியோவில் இதற்கு நேர் எதிர். காற்றாலைகளை எங்கே வைப்பது என்ற முடிவை உள்ளூராட்சிகளிடமிருந்து பறித்து மாகாண அரசே எடுத்துக்கொண்டது. லியா ஸ்டோக்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் வாக்குச்சாவடி வாரியாகப் பார்த்தார். காற்றாலை வந்த, வரவிருந்த இடங்களுக்குப் பக்கத்தில் ஆளுங்கட்சி 4 முதல் 10 சதவீதம் வரை இழந்திருந்தது. மாகாணம் முழுக்க ஆதரவு இருந்தும் அந்தந்த ஊரில் அடி. டென்மார்க் 2008-இல் வேறு மாதிரி யோசித்தது. காற்றாலை வைக்கிறவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை, 4.5 கிலோமீட்டருக்குள் வசிக்கிறவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டும் என்று சட்டமே போட்டது. காற்றாலை சுழலும் சத்தம் அங்கேயும் அதேதான். பங்குக்காரருக்கு அது கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும்.

பாதசாரி

எல்லாம் சரி. ஆனால் வாக்காளருக்குப் பிடித்த மாதிரி சட்டத்தை வடித்துக்கொண்டே இருந்தால் நேரம் எங்கே இருக்கிறது? ஹவாயிலுள்ள மௌனா லோவா ஆய்வகம் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 315 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது எந்தத் தேர்தலுக்கும் காத்திருப்பதில்லை. அதிகம் பாதிக்கப்படப்போகிற குழந்தைகளுக்கு ஓட்டும் இல்லை.

அதனால் நீதிமன்றப் பாதையைப் பேசுங்கள். நெதர்லாந்தில் அர்ஜெண்டா என்ற சூழல் அமைப்பு போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 1990 அளவிலிருந்து 25 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று அரசுக்கே கட்டளை போட்டது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021-இல், 2030-க்குப் பிறகு பாரத்தை எல்லாம் தள்ளிவைப்பது இளைய தலைமுறையின் சுதந்திரத்தைப் பறிப்பது என்றது. சில வாரங்களில் நாடாளுமன்றம் 2030 இலக்கை 55-லிருந்து 65 சதவீதமாக ஏற்றி, நிகர பூஜ்ஜிய ஆண்டையும் 2045-க்கு முன்னால் இழுத்தது. எந்தத் தேர்தல் பிரசாரம் இந்த வேகத்தில் வேலை செய்திருக்கிறது?

நடுநிலை

அந்த ஜெர்மனியிலேயே 2024-இல் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக இருந்த கட்டாய இலக்கைத் தளர்த்திவிட்டார்கள். போக்குவரத்துத் துறை இலக்கைத் தொடவே முடியாமல் திணறியதும், கூட்டணிக்குள் இருந்த நெருக்கடியும்தான் காரணம். நீதிமன்றம் கதவைத் திறக்கும். உள்ளே போய் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும்.

கார்மேகத்துக்கும் ஒரு கேள்வி. பலன் தெரிந்தால் மக்கள் காப்பாற்றுவார்கள் என்றீர்கள். அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த, தூய ஆற்றலுக்குச் சலுகை தந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் முதலீட்டில் பெரும்பகுதி, அதை எதிர்த்த குடியரசுக் கட்சியின் தொகுதிகளுக்குத்தான் போனது. பேட்டரி ஆலை வந்தது, வேலை வந்தது. 2025 ஜூலையில் அதன் சலுகைகளில் பெரும்பங்கை வெட்டிய மசோதாவுக்கு அந்தத் தொகுதிகளின் உறுப்பினர்களே கைதூக்கினார்கள். ஆலை ஊருக்குள் நிற்கிறது, ஓட்டு அசையவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கார்மேகம்

கடினமான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பலன் மட்டும் போதாது. அது தன் கையில் வந்தது என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும். அதைப் பிடுங்கினால் சண்டைக்கு வர ஓர் அமைப்பும் அங்கே இருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் பெரும்பாலும் நிறுவனங்களுக்கான வரிச்சலுகை. ஆலை கட்டியவருக்குத் தெரியும், அவருடைய கணக்காளருக்குத் தெரியும். வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு அது இன்னொரு தனியார் ஆலை. பல ஆலைகள் கட்டி முடிக்கப்படவே இல்லை என்ற நிலையில் வெட்டு வந்துவிட்டது. சட்டத்தின் பெயரிலேயே காலநிலை இல்லை, பணவீக்கம்தான் இருந்தது. வாஷிங்டனில் பேருந்தில் ஏறுகிற பையன் தினமும் அனுபவித்தான். ஸ்பெயினில் சங்கம் கையெழுத்துப் போட்டது, அதனால் சங்கமே தன் ஆட்களிடம் அதை விளக்கியது. வித்தியாசம் அங்கேதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அமெரிக்காவில் காலநிலை என்பது கட்சி அடையாளமாகவே மாறிப்போனது. தன் கட்சித் தலைவர் இது புரளி என்றால், தன் கண்ணால் பார்த்த வெயிலைவிட அதை நம்புகிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்க இன்னொரு கட்சி எவ்வளவு நல்ல சட்டம் போட்டாலும் முடியாது. அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருப்பவர்கள், விவசாய சங்கம், சபை போதகர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், இவர்கள்தான் பேச முடியும். பிரிட்டனில் 2008-இல் காலநிலைச் சட்டம் ஏறக்குறைய முழு நாடாளுமன்ற ஆதரவோடு வந்தது. ஐந்தாண்டுக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்ற கார்பன் பட்ஜெட், கேள்வி கேட்க ஒரு தனிக் குழு. பல ஆட்சி மாறியும் அது நின்றது. 2012-இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30-இல் கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டது. இப்போது அந்தச் சட்டத்தையே ரத்து செய்வோம் என்று கன்சர்வேடிவ் கட்சி 2025-இல் அறிவித்திருக்கிறது. ஒருமித்த கருத்தை ஒருமுறை உண்டாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் தூங்கப் போக முடியாது.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில் வேலை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்வடார். யாசுனி காட்டுக்கு அடியில் எண்ணெய். 2013–14-இல் இளைஞர்கள் கூடி வாக்கெடுப்பு கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், ஏழு லட்சத்துக்கு மேல். தேர்தல் ஆணையம் பெரும்பகுதியைச் செல்லாது என்று தள்ளியது. விடவில்லை. பத்தாண்டு இழுத்து, 2023-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அனுமதி தந்தது. ஆகஸ்டில் சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெய் நிலத்தடியிலேயே இருக்கட்டும் என்றார்கள். எண்ணெய் வருமானத்தை நம்பி இருக்கிற நாடு அது! ஓராண்டுக்குள் பணியை நிறுத்தச் சொல்லியும் கெடு தாண்டிக் கிணறுகள் ஓடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாக்கெடுப்பில் ஜெயித்தவர்கள் இன்னும் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் ஓட்டு

நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது அண்ணா. ஓட்டு கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் என்ன கேட்பது? "காலநிலைக்கு என்ன செய்வீர்கள்" என்றால் மரம் நடுவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கணக்கன்

அப்படிக் கேட்காதே தம்பி. பதில் சொல்லித் தப்பிக்க முடியாத மாதிரி கேள். பணத்தில் ஆரம்பி. புதைபடிவ எரிபொருளுக்கு உலக அரசுகள் நேரடியாகத் தந்த மானியமே 2022-இல் சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் என்று சர்வதேச நாணய நிதியம் கணக்கிட்டது. மாசு, உடல்நலக் கேடு எல்லாம் சேர்த்தால் 7 லட்சம் கோடி. "இதில் நம் அரசு தருவது எவ்வளவு, அதில் ஏழைக்குப் போவது எவ்வளவு, நிறுவனத்துக்குப் போவது எவ்வளவு, அடுத்த ஐந்தாண்டில் எதைக் குறைத்து எதில் போடுவீர்கள்?" என்று கேள். பட்ஜெட்டைத் தொடாத வாக்குறுதி எனக்குப் பொருட்டே இல்லை.

அடுத்தது ஆண்டு. 2070, 2050 என்று சொல்வது சுலபம், அப்போது அவர் பதவியில் இருக்க மாட்டார். "உங்கள் பதவிக்காலத்துக்குள் எந்த நிலையம், எத்தனை பேருந்து, எந்த வடிகால்?" என்று இறக்கிப் பேசு. வெள்ளத் தடுப்புக்கு ஒதுக்கிய தொகையையும் போன முறை நிவாரணத்துக்குச் செலவான தொகையையும் பக்கத்தில் வைத்துக் கேள். நடுநிலை சொன்ன ஆய்வுப்படி தடுப்புக்கு யாரும் ஓட்டு போடுவதில்லை அல்லவா? அதற்காகவே ஓட்டு போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லு. பத்து வாசலில் கேட்டால் அவர் பதினோராவது வாசலுக்கு வருவதற்குள் விடையைத் தயார் செய்துவிடுவார்.

உன் தெருவில் உள்ளவர்களிடமும் உன் கருத்தை மறைக்காதே. கார்மேகம் சொன்ன 69-க்கும் 43-க்கும் நடுவே உள்ள பள்ளம் அப்படித்தான் தூரும்.

தராசு

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஜெயித்த பிறகு யாரிடம் கேட்பது என்பதையும் தெரிந்து வை. பேருந்து ஓர் அலுவலகம், வடிகால் ஓர் அலுவலகம், மின்சாரக் கொள்முதல் வேறோர் ஒழுங்குமுறை ஆணையம். மின் கட்டணத்தையும் கொள்முதலையும் பற்றிப் பல நாடுகளில் ஆணையங்கள் பொதுக் கருத்துக்கேட்பு நடத்துகின்றன. அரங்கில் பெரும்பாலும் நிறுவன வழக்கறிஞர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், பின்வரிசை காலியாக இருக்கும். அங்கே எடுக்கும் ஒரு முடிவு 25 ஆண்டு ஒப்பந்தமாக நிற்கும். அதற்குள் ஐந்து தேர்தல் வந்துபோய்விடும்.

இரவுப்பணி

ஸ்பெயின் கதையை எங்கள் பிரிவில் வாட்ஸ்அப்பில் போட்டேன். முதலில் வந்த கேள்வி, "அதில் ஒப்பந்தக்காரர்கள் உண்டா?" என்பதுதான். எங்களுக்கு இருக்கிற கவலை அதுதான், வேறு எதுவும் இல்லை.

வேட்பாளரிடம் நான் கேட்கப்போவதை எழுதுகிறேன், தம்பிக்கும் உதவும். நிலையத்தை மூடுகிற நாள் குறிக்கும் முன், உள்ளே நுழையும் ஒவ்வொருவர் பெயரும் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். காண்டிராக்டர் பதிவேடு செல்லாது. எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதற்கு கேட் பாஸ் பதிவும் பி.எஃப். பதிவும் போதும் என்று ஏற்க வேண்டும். சோலார் நிறுவனம் வந்தால் அந்தப் பட்டியலிலிருந்து முதலில் ஆள் எடுக்க வேண்டும். மறுபயிற்சி நடக்கும் மாதங்களுக்குக் கூலி வேண்டும், கூலி இல்லாத பயிற்சிக்குக் குடும்பம் வைத்திருக்கிறவன் போக மாட்டான். நுரையீரல் பரிசோதனை மூடிய பிறகும் தொடர வேண்டும், இருமல் அன்றோடு நிற்காது.

சங்கத்தில் பேசியிருக்கிறேன். நிரந்தரப் பணியாளர் சங்கமும் கையெழுத்துப் போட்டால் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கடிதமாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். வாசகம் எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கணக்கன் சார், தராசு தோழர், வரைவை இந்த இழையிலேயே போடுகிறேன், திருத்தித் தாருங்கள். ஞாயிறு கூட்டத்துக்கு முன் வேண்டும்.